எழுநூறு கஜப் பாதை

கோஸ்கி சாலை, கீவெனா, மிச்சிகன்
செப்டம்பர் 4, 1995

ரெய்னோ,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அரிசோனா வெயிலில் ஊரார் வீட்டு ஏ.சி.களைப் பழுது பார்த்துக்கொண்டு, அக்காவுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டு வந்தோம் என்ற நினைப்பில் இருப்பாய்.

நீ விமானம் ஏறிய புதன்கிழமை, நான் ஏழு நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்விட்டு ஐந்தரை மணிக்குத் திரும்பினேன். கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. அப்பாவின் டிராக்டரைக் காணவில்லை. அதன் பின்னால் மாட்டியிருந்த, பனியை அள்ளித் தூர வீசும் மெஷினையும் காணவில்லை. முற்றத்தில் நீல நிறத்தில் ஒரு டிரக் நின்றது. அதன் முன்னால் பனி தள்ளும் மஞ்சள் தகடு. கண்ணாடியில் சிவப்பு ரிப்பன்.

உள்ளே போனேன். உன் ஆர்வோ மாமா மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்து சிரிக்கிறார்.

"ரெய்னோ உனக்காக விட்டுட்டுப் போயிருக்கான். நல்ல வண்டி. உள்ள சூடெல்லாம் வருது."

"நம்ம டிராக்டர் எங்க?"

"மாட்டுப் பண்ணை எய்னார் சால்மி வாங்கி ஓட்டிட்டுப் போயிட்டான். ரெய்னோதான் பேசி முடிச்சான். நானும் சரின்னுட்டேன்."

நீ பேசினாயாம், அவர் சரி என்றாராம். சுரங்கத் தூசி ஆர்வோவின் நுரையீரலைத் தின்று ஒன்பது வருஷமாகிறது. அந்த ஒன்பது வருஷத்தில் அவர் அந்த டிராக்டரில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. வேலைக்குப் போகுமுன் ஏறி, இந்த எழுநூறு கஜப் பாதையைத் திறந்தவள் நான். என்னை யாராவது கேட்டீர்களா?

தகடு பனியைத் தள்ளும். தள்ளின பனி எங்கே போகும்? பாதையின் ஓரத்தில்தான் நிற்கும். அடுத்த பனியை அதன்மேல் தள்ள வேண்டும். ஜனவரிக்குள் இரண்டு பக்கமும் கல்லாகிவிடும், நடுவில் பாதை சுருங்கும். வீசும் மெஷின் இருபது முப்பது அடி தள்ளி மரங்களுக்குள் எறிந்துவிடும், ஓரத்தில் சுவரே எழாது. அதிலும் மேப்பிள் மரங்களைத் தாண்டி, திறந்த வயலை ஒட்டி இருநூறு கஜம் இருக்கிறதே, ஏரிக்காற்று அங்கே ஒரு மணி நேரத்தில் இடுப்பளவு குவித்துவிடும். இது உனக்குத் தெரியாதா? நீ பிறந்த வீடுதானே.

செவ்வாய்தோறும் ஆக்சிஜன் சிலிண்டர் வண்டி வருகிறது. பாதை பத்தடி அகலம் இல்லை என்றால் உள்ளே வராது. அது அவர்கள் சட்டம்.

ஃபோன் செய்யாதே. ஃபோனில் நீ என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். விஷயம் அப்படியே கிடக்கும். எழுது.

ஐலா


டூசான், அரிசோனா
செப்டம்பர் 15, 1995

அக்கா,

ரிப்பன் கட்டியது அதிகப்படிதான். ஒத்துக்கொள்கிறேன்.

மற்றது எதற்கும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அந்த மெஷின் டிராக்டருக்குப் பின்னால் இருக்கிறது. அதை ஓட்டுகிறவர்கள் கழுத்தை முழுக்கத் திருப்பி, பின்பக்கம் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஆகஸ்டில் நீ தட்டை எடுக்கக்கூட உடம்போடு சேர்ந்து திரும்பினாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாயா? அதில் கண்ணாடி அறை கிடையாது. காற்று திரும்பினால் வீசிய பனியெல்லாம் உன் முகத்திலேயே வந்து விழும். நாற்பத்து மூன்று வயது வண்டி. உதிரிபாகம் வேண்டுமென்றால் பழைய இரும்புக் கடையில் தேட வேண்டும்.

டிரக்கில் உட்கார்ந்தால் முன்னால் பார்க்கலாம். கதவை மூடிக்கொள்ளலாம். காபி குடித்துக்கொண்டே பாதையைத் திறக்கலாம். இது குற்றமா?

உன்னை ஏன் கேட்கவில்லை என்கிறாய். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். புதிதாக எது வந்தாலும் நீ முதலில் அதைத்தான் சொல்வாய். ஆர்வோ மாமாவைக் கேட்டேன். அவர் வீட்டு மனிதர்தானே. இன்னொன்றும் சொல்கிறேன். அப்பா அந்த இடத்தை நம் இரண்டு பேர் பேரிலும்தான் எழுதினார். கொட்டகையும் அதிலிருந்ததும் பாதி என்னுடையது. இத்தனை வருஷத்தில் நான் அந்தப் பாதியைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஒரு தடவை திறந்தேன், அதற்கு இவ்வளவு பெரிய கடிதம்.

ரெய்னோ


கோஸ்கி சாலை
செப்டம்பர் 24, 1995

ரெய்னோ,

ஆர்வோவைக் கேட்டாயா. ஆர்வோ இந்த வீட்டில் எதை ஓட்டுகிறார் என்று நினைக்கிறாய்? ரேடியோவை. அவர் நல்லவர், மென்மையானவர், நீ என்ன சொன்னாலும் தலையாட்டுவார். அதனால்தான் அவரைக் கேட்டாய்.

என் கழுத்து வலித்தால் கழுத்துக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். பழைய வண்டிதான், மாற்ற வேண்டியதுதான். நானே நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதை மாற்றுவது, எப்போது மாற்றுவது என்பதை அதை ஓட்டுகிறவள் சொல்ல வேண்டும். பனியே விழாத ஊரிலிருந்து வந்தவன் சொல்லக் கூடாது.

எய்னாரிடம் நேரில் போய்த் திருப்பிக் கேட்டேன். முகம் சிவந்துவிட்டது அவனுக்கு. தன்னுடைய பழைய மெஷினை அதற்குள் கொடுத்துவிட்டானாம். அவனுக்கு முப்பது மாடு, பால் வண்டி தினமும் வந்துபோக வேண்டும். அவன் பேரில் தப்பில்லை.

பாதி உன்னுடையது என்கிறாய். சரி. பாதிப் பனியும் உன்னுடையது. வந்து அள்ளு.

ஐலா


டூசான்
நவம்பர் 26, 1995

அக்கா,

இரண்டு மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ஆனால் நன்றித் திருநாளன்று மாமாவுக்கு ஃபோன் செய்தேன். (உனக்குத்தான் செய்யக் கூடாது. மாமாவுக்குச் செய்யலாம்.) நீ சர்ச்சுக்குப் போயிருந்தாய். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒன்றரை அடி விழுந்துச்சுடா. பன்னெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டு வந்துட்டா. கோட்டுல ஒரு பொட்டுப் பனி இல்ல."

பன்னிரண்டு நிமிஷம். அந்தப் பழைய மெஷினில் எவ்வளவு நேரமாகும்? ஒரு மணி நேரம்?

நான் இதற்குமேல் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீயாகவே எழுதுவாய் என்று காத்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். 'நீ சொன்னது சரிதான் தம்பி' என்று ஒரு வரி போதும்.

ரெய்னோ


கோஸ்கி சாலை
டிசம்பர் 28, 1995

ரெய்னோ,

அந்த ஒரு வரி வராது.

பன்னிரண்டு நிமிஷம் என்று சொன்ன மனிதர், அதற்குப் பிறகு நான் இரண்டு மணி நேரம் என்ன செய்தேன் என்று சொன்னாரா? தரை இன்னும் உறையவில்லை. கடைக்காரன் தகட்டைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் அடிக்கால்களை அதன் விளிம்போடு சமமாக வைத்து அனுப்பியிருந்தான். அதைச் சரிபார்க்க உனக்கு நேரமில்லை, விமானம் இருந்தது. தகடு பாதையின் ஜல்லியை வாழைப்பழத் தோல் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டியது. மண்வெட்டியால் அள்ளித் திரும்பப் போட்டேன். அடிக்கால்களை நானே இரண்டு விரற்கடை இறக்கி மாட்டினேன். கையில் ஸ்பானரோடு, மல்லாந்து படுத்துக்கொண்டு, ஐம்பத்தேழு வயதில்.

இப்போது டிசம்பர் முடியவில்லை. நான் செப்டம்பரில் எழுதியதை எடுத்துப் படி. ஓரச் சுவர் என் தோள் உயரம் வந்துவிட்டது. தள்ளுகிற பனி சுவரில் ஏறாமல் திரும்பப் பாதையிலேயே சரிகிறது. வேகமாக மோதினால் தகடு மடங்கி எழும்புகிறது, டிரக்கின் பின்சக்கரம் சுழல்கிறது. செவ்வாய்க்கிழமை சிலிண்டர் வண்டிக்காரர் இறங்கி, கையை அகல விரித்து அளந்து பார்த்துவிட்டு, "ஐலாக்கா, அடுத்த வாரமும் இப்படியே இருந்தா நான் உள்ள வரமாட்டேன். வண்டி மாட்டிக்கிச்சுன்னா என் வேலை போயிரும்" என்றார். அவரை நான் என்ன சொல்ல முடியும்?

ஆர்வோ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க ரேடியோ போடவில்லை.

ஐலா


டூசான்
ஜனவரி 7, 1996

அக்கா,

ஒரு பத்திரிகையில் படித்தேன். சுவர் உறையும் முன்பே தகட்டை உயரத் தூக்கி, சுவரின் மேல்பாதியை மட்டும் அப்பால் தள்ளிவிட வேண்டுமாம். பிறகு கீழ்ப்பாதிக்கு இடம் கிடைக்கும். டிரக்கின் பின்பக்கம் மணல் மூட்டை ஆறேழு போட்டால் சக்கரம் சுழலாது. சங்கிலியும் கட்டு. சீசனின் முதல் பனியிலேயே வேண்டிய அகலத்தைவிட இரண்டு மடங்கு தள்ளி வைத்திருக்க வேண்டுமாம். அதை நீ செய்யவில்லை போலிருக்கிறது.

கருவியில் குறை இல்லை. பழக்கம் வர வேண்டும்.

ரெய்னோ


கோஸ்கி சாலை
ஜனவரி 29, 1996

ரெய்னோ,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேலாகிறது. பிரித்துப் படித்து, அடுப்பில் போடப் போய், போடாமல் வைத்திருக்கிறேன். மணல் மூட்டை டிசம்பரிலிருந்தே கிடக்கிறது. சங்கிலி நவம்பரிலேயே கட்டியாயிற்று. மேல்பாதியைத் தள்ளுவதும் எனக்குத் தெரியும். மூன்று நாளைக்கு ஒரு தடவை விழும் ஊருக்கு அது சரி. இங்கே நாற்பது நாளில் முப்பத்திரண்டு நாள் விழுந்தது. பத்திரிகைக்காரனுக்கு இந்த ஏரியைத் தெரியாது. உனக்குத் தெரியும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு தடவை சொல்ல மாட்டேன்.

பதினேழாம் தேதி புதன்கிழமை காலையில் புயல் தொடங்கியது. அடைபடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று மணிக்கொரு தடவை டிரக்கை எடுத்துக்கொண்டு போய்வந்தேன். நாலாவது தடவை, வயலோரம், எதிரே ஒன்றும் தெரியவில்லை. தகடு சுவரில் ஏறியது. வண்டி பக்கவாட்டில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கி, பாதைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. ஆக, பாதையை அடைத்தது பனி மட்டுமில்லை. உன் பரிசும்தான்.

நடந்து வீட்டுக்கு வந்தேன். பகல் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. ஆர்வோவின் ஆக்சிஜன் மெஷின் நின்றது. கையிருப்பில் சின்னச் சிலிண்டர் ஐந்து. ஒன்று ஐந்து மணி நேரம் வரும். நான் கணக்குப் போடுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் குறைச்சு வை ஐலா. நான் அசையாம உக்காந்திருக்கேன்" என்றார். அசையாமல்தான் உட்கார்ந்திருந்தார். ரெய்னோ, ஒரு மனிதர் மூச்சு விடுவதைச் சிக்கனம் பண்ணுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் என் நோயாளி இல்லை. என் புருஷன்.

வியாழன் காலை கவுண்டி நிர்வாகத்தின் பனி வண்டி பெரிய சாலையைத் திறந்தது. சிலிண்டர்காரர் பத்து மணிக்கு ஃபோன் செய்தார். ஆறு சிலிண்டரைத் தபால்பெட்டியடியில் இறக்கி வைத்திருப்பதாகச் சொன்னார். அவர் குரல் அழுகிற மாதிரி இருந்தது. நான் பனிச்செருப்பைக் கட்டிக்கொண்டு, விறகு இழுக்கிற சறுக்குப் பலகையோடு கிளம்பினேன். எழுநூறு கஜம். இரண்டு நடை. இரண்டாம் நடையில் வயலோரத்தில் முழங்காலில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அப்போது யாரை நினைத்தேன் என்று எழுத மாட்டேன். எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு டிராக்டர் சத்தம் கேட்டது. எந்தச் சத்தத்தையும் மறப்பேன், அதை மறக்க மாட்டேன். எய்னார் சால்மி. சிலிண்டர்காரர் கடையில் சொன்னதைக் கேட்டு, கூப்பிடாமலே ஒன்பது மைல் வந்திருக்கிறான். டிரக்கைச் சங்கிலி போட்டு இழுத்து ஓரம் கட்டினான். பிறகு என் டிராக்டரில், என் மெஷினில், என் பாதையை முக்கால் மணி நேரத்தில் திறந்தான். பனி வளைந்து எழும்பி மரங்களுக்குள் போய் விழுந்தது. நான் அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்தேன். நன்றியோடு பார்த்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

உள்ளே கூப்பிட்டுக் காபியும் ரொட்டியும் கொடுத்தேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "ஐலாக்கா, தப்பா நினைக்காதீங்க. வீட்ல இதை ஓட்ட ஆளே இல்ல, சும்மா கெடந்து துருப்பிடிக்குதுன்னு உங்க தம்பி சொன்னாரு. அதனாலதான் வாங்கினேன். நீங்க ஓட்டுறீங்கன்னு தெரிஞ்சிருந்தா கை வெச்சிருக்க மாட்டேன்."

ஓட்ட ஆளே இல்லை.

ஒன்பது குளிர்காலம், ரெய்னோ. நீ ஆகஸ்டில் என் வீட்டில் பதினான்கு நாள் தங்கினாய். என் சமையலைச் சாப்பிட்டாய். அந்த இருக்கையில் யார் உடம்பின் குழி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். தெரியாமல் சொன்னாயா, தெரிந்தே சொன்னாயா? இதற்கு மட்டும் பதில் எழுது. பத்திரிகையில் படித்தது எதுவும் வேண்டாம்.

ஐலா


டூசான்
பிப்ரவரி 6, 1996

அக்கா,

தெரிந்தே சொன்னேன்.

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

நான் வந்த முதல் நாளே மாமா சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார். "உங்கக்காவப் பாக்கணும் நீ. ஈரப் பனி மெஷினோட வீசுற குழாயில அடைச்சுக்கிட்டா இறங்கி, கையை விட்டு நோண்டி எடுத்துட்டு மறுபடி ஏறிடுவா. ஆம்பளைங்க கெட்டாங்க." சிரித்தார். அந்தப் பதினான்கு நாளும் உன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காபி ஊற்றும்போது, ரொட்டி பிசையும்போது.

அப்பாவின் வலது கையில் மூன்று விரல் போனது 1960 பிப்ரவரியில். நீ மார்க்கெட் நகரில் நர்ஸ் படிப்பில் இருந்தாய். எஞ்சினை அணைக்காமல் கையை விட்டுவிட்டேன், என் கவனக்குறைவு என்று உன்னிடம் சொன்னார். ஊருக்கும் அதையே சொன்னார்.

அப்படி இல்லை. இருக்கையில் இருந்தது நான். எனக்குப் பதினாறு வயது. குழாய் அடைத்துக்கொண்டது. அப்பா பின்னால் போய் நின்று, "அணைச்சிட்டியாடா?" என்று கேட்டார். "ஆச்சுப்பா" என்றேன். அணைக்கவில்லை. அந்தக் குளிரில் அணைத்தால் திரும்பக் கிளப்ப அரைமணி நேரமாகும், சௌனா நீராவிக் குளியலறை சூடாகிக்கொண்டிருந்தது, சீக்கிரம் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தேன். கிளட்சை மட்டும் அழுத்திப் பிடித்திருந்தேன். அழுத்தியிருந்தால் பனியை அள்ளும் திருகு சுழலாது. பூட்ஸ் ஈரம். கால் வழுக்கியது.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு விநாடி.

அவர் கத்தவில்லை. கையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என்னிடம், "நான்தான் மறந்துட்டேன். புரியுதா? யாரு கேட்டாலும் இதான்" என்றார். சாகும்வரை அதையே சொன்னார். நானும் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயதில் நான் ஏன் பனியே விழாத ஊராகப் பார்த்துப் போனேன் என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய்.

அதே மெஷினில் நீ கையை விடுகிறாய் என்று கேட்டதும் எனக்கு அதை அங்கிருந்து அப்புறப்படுத்துவதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. உன்னிடம் சொன்னால் காரணம் கேட்பாய். காரணம் சொல்ல என்னால் முடியவில்லை. எய்னாரிடம் பொய் சொன்னேன்.

மாமாவுக்கு அந்த இரண்டு நாள் நேர்ந்ததற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ரெய்னோ


கோஸ்கி சாலை
பிப்ரவரி 14, 1996

ரெய்னோ,

உன் கடிதத்தை ஆர்வோவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ரேடியோவை அணைத்தார். பிறகு, "நான் கையைப் பத்தி சும்மா அடிச்சு விட்டேன் ஐலா. நான் வெளிய வந்து பாத்ததே இல்லையே" என்றார்.

ஆமாம். அவர் பார்த்ததே இல்லை. நான் அந்தக் குழாய்க்குள் ஒரு நாளும் கையை விட்டதில்லை. அடைத்தால் எஞ்சினை அணைப்பேன். சாவியை உருவிக் கோட்டுப் பையில் போடுவேன். இருக்கைக்குக் கீழே கை நீளத்துக்கு ஒரு கட்டை வைத்திருந்தேன், அதால்தான் குத்தி எடுப்பேன். கை நைந்து வருகிறவர்களுக்கு முப்பது வருஷமாகக் கட்டுப் போடுகிறவள் தன் கையை அதில் விடுவாளா? என் கைகளைப் பற்றி ஆர்வோவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய். கைக்குச் சொந்தக்காரி எதிரே ரொட்டி பிசைந்துகொண்டிருந்தாள்.

பதினாறு வயது. ஈர பூட்ஸ். அதைப் பற்றி இதற்குமேல் நான் எழுத மாட்டேன். அதற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை.

மற்றதற்கு இருக்கிறது. நம் அப்பா ஆணி அடிக்கும் முன் இரண்டு தடவை அளக்கிற மனிதர். முப்பத்தாறு வருஷமாக ஊரில் அவருக்கு என்ன பேர்? எஞ்சினை அணைக்க மறந்தவர். இன்றும் மெஷின் விற்கிற கடையில், பழகாதவர்களுக்குப் புத்தி சொல்லும்போது அவர் பேரைத்தான் இழுக்கிறார்கள். என் காதால் கேட்டேன். அவர் அதைச் சுமந்தார், அது அவர் இஷ்டம். அவர் போய்ப் பதினொரு வருஷமாகியும் நீ அதை இறக்கி வைக்கவில்லை. சொல்ல வேண்டியவன் நீ. நான் சொல்ல மாட்டேன்.

அந்தக் கடைக்குப் போன கதையையும் கேள். போன சனிக்கிழமை போனேன். விற்பனைக்காரன் சின்னப் பையன் இல்லை, நாற்பது வயது. என்னைத் தாண்டி வாசலைப் பார்க்கிறான்.

"உங்க வீட்டுக்காரர் வரலீங்களா?"

"வரல. நான் வந்திருக்கேன்."

சின்னதாக ஒரு சிவப்பு மெஷினைக் காட்டினான். பின்னால் பிடித்துக்கொண்டு நடக்கிற வகை. "லேடீஸ் ஈஸியா பிடிக்கலாம்மா. ரொம்ப நல்லா ஓடுது."

"வாசப்படிக்கும் முற்றத்துக்கும் நல்லாத்தான் இருக்கும். என் பாதை எழுநூறு கஜம், தம்பி. ஒரு நடை போய் வர எவ்வளவு நேரம் ஆகும்னு நீயே இதைப் பிடிச்சு நடந்து காட்டு. நான் உக்காந்திருக்கேன்."

அதற்குப் பிறகு கொஞ்சம் மரியாதை வந்தது. நான் எழுதிவைத்திருந்ததை வாசித்தேன். நான் திரும்பிப் பார்க்கக் கூடாது, ஆகவே வீசும் மெஷின் முன்னால் இருக்க வேண்டும். கண்ணாடி அறை வேண்டும், ஹீட்டர் வேண்டும். குழாயை எந்தப் பக்கம் திருப்புவதும் உள்ளேயிருந்தே கைப்பிடியால் நடக்க வேண்டும். இருக்கையிலிருந்து எழுந்தால் திருகு தானாக நிற்க வேண்டும். கல் மாட்டினால் பெரிய பாகம் உடையாமல் ஒரு சின்ன போல்ட் மட்டும் உடைய வேண்டும். அந்த போல்ட் இந்தக் கடையிலேயே கிடைக்க வேண்டும். கோடையில் அதைக் கழற்றிவிட்டுப் புல் வெட்டவும் ஜல்லி பரப்பவும் அதே டிராக்டர் உதவ வேண்டும். அவன் ஒன்றைக் காட்டினான். நான் ஏறி உட்கார்ந்து, கையுறையோடு எல்லாக் கைப்பிடியும் எட்டுகிறதா என்று பார்த்தேன். இரண்டு எட்டவில்லை. அடுத்ததைக் காட்டச் சொன்னேன். மூன்றாவது சரியாக இருந்தது.

அதற்கு ஈடாக டிரக்கை எடுத்துக்கொள்கிறான். மீதிக்கு என் சேமிப்பு இருக்கிறது. ஆனால் டிரக் உன் பேரில் இருக்கிறது. எனக்குக் கொடுத்த பரிசை உன் பேரில் பதிந்திருக்கிறாய். உன் கையெழுத்து இல்லாமல் நான் அதை நகர்த்த முடியாது. இதற்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும், இன்று கை வலிக்கிறது.

காகிதம் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு. இப்போதும் செவ்வாய்தோறும் எய்னார்தான் வந்து திறந்துவிட்டுப் போகிறான்.

ஐலா


டூசான்
பிப்ரவரி 21, 1996

அக்கா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தபாலில் அனுப்பவில்லை, நானே எடுத்து வருகிறேன். மார்ச் 5, மத்தியான விமானம். வரலாமா என்று கேட்டு எழுதி, நீ பதில் எழுதி, அது வந்து சேருவதற்குள் பனி கரைந்துவிடும். அதனால் இந்த ஒன்றை மட்டும் கேட்காமல் செய்கிறேன்.

கோட்டு இல்லை. மாமாவுடையது இருக்குமா?

ரெய்னோ


கோஸ்கி சாலை
மார்ச் 20, 1996

ரெய்னோ,

நீ போய்ச் சேர்ந்ததாக ஆர்வோ சொன்னார். பத்து நாளாகப் பக்கத்தில் இருந்தபோது பேசாததை எழுதிவிடுகிறேன். முதலில் கோபம்.

தபால் ஆபீஸில், கடையில், நான் போகிற எட்டு நோயாளி வீட்டில், எல்லோரும் ஒரே பாட்டு. "உங்க தம்பி வந்து நல்ல மெஷினா பாத்து வாங்கிக் குடுத்துட்டுப் போனாராமே." தேர்ந்தெடுத்தது நான் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அவர்கள் தலையாட்டுகிறார்கள், நம்பவில்லை. இதற்கு உன்னைக் குற்றம் சொல்ல முடியாது என்று தெரியும். இருந்தாலும் வேறு யாரைச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரார்த்தனை முடிந்து எல்லோரும் கீழ்த்தளத்தில் காபி குடிக்கும்போது நீ எழுந்து நின்றது எனக்கு முன்கூட்டித் தெரியாது. "எங்கப்பா எதையும் மறக்கல. பொய் சொன்னது நான்" என்று சொல்லிவிட்டு நீ உட்காரத் தெரியாமல் நின்றாய். நான் உன் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எய்னார் எழுந்து வந்து உனக்குக் காபி ஊற்றினான். அதற்குப் பிறகு கிழவர்கள் ஒவ்வொருவராக அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்களே, எவ்வளவு நேரம் பேசினார்கள். அவர் மூன்று விரல் இல்லாமல் பத்து வருஷம் மீன் வலை பின்னியது எனக்குத் தெரியாத விஷயம்.

செவ்வாய்க்கிழமைப் பனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ கேட்கவில்லை, ஆனால் நான் ஜன்னலில் இருந்தேன். ஈரப் பனி, ஒரு அடி. "இன்னிக்கு நான் போறேன்க்கா" என்று நீ ஆர்வோவின் கோட்டைப் போட்டுக்கொண்டு புது டிராக்டரில் போனாய். வயலோரத்தில் குழாய் அடைத்தது. சத்தம் மாறியதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சினை அணைத்தாய். இறங்கினாய். முன்னால் போய் நின்றாய். பிறகு நிற்கிறாய், நிற்கிறாய், கையை அசைக்கவே இல்லை. ஆர்வோ, "போய்ப் பாரேன். அவனால முடியல" என்றார். "இருங்க" என்றேன். நீ திரும்பி ஏறி, சாவி பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாய், மறுபடி இறங்கினாய். இப்படி மூன்று தடவை. கடைசியில் கட்டையை எடுத்துக் குத்தினாய். பனிக்கட்டி விழுந்தது. நீ பாதையிலேயே குந்தி உட்கார்ந்து, முகத்தைக் கையுறையில் வைத்துக்கொண்டாய். அது உன்னுடைய நேரம் என்று நான் ஜன்னலை விட்டு நகர்ந்தேன்.

சிலிண்டர் வண்டி பதினோரு மணிக்கு நேராக வாசல்வரை வந்தது. வண்டிக்காரர் இறங்கிக் கையை விரிக்கவில்லை. ஆர்வோ ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

மறுநாள் காலை காற்று மேற்கிலிருந்து வடக்குக்குத் திரும்பியிருந்தது. நீ எஞ்சினைக் கிளப்பிவிட்டு, ஓட்டாமல், இறங்கி அடுக்களைக் கதவுவரை நடந்து வந்தாய். பூட்ஸோடு உள்ளே வராமல் வாசலில் நின்று கேட்டாய்:

"அக்கா, இன்னிக்கு எந்தப் பக்கம் வீசணும்?"

செப்டம்பரிலிருந்து இந்த விஷயத்தில் என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. நான் மாவுக் கையை நிதானமாகத் துடைத்தேன். தெற்கே, வயல் பக்கம் என்று கையைக் காட்டினேன். நீ தலையாட்டிவிட்டுப் போனாய்.

ஐலா